ராஜா கடையில் முதல் போணி

வெகு காலத்துக்கு முன்னால் தாழைநகரை அலங்காரவர்மன் என்றொரு ராஜா ஆண்டார். தங்கமான மனசு; ஆனால் நினைத்ததை நினைத்த நிமிஷமே செய்துவிட வேண்டும்.

அந்த ஊரில் பூவாயி என்றொரு கீரைக்காரி. இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்து ஒன்று என்று இரண்டு பிள்ளைகள். அவள் விளைவிக்கும் அரைக்கீரை இல்லாமல் ராஜா சாப்பாட்டில் கை வைக்கமாட்டார். "பூவாயி கீரைக்கு ஈடுண்டா?" என்று தினமும் சபையில் புகழ்வார். பண்டார அதிகாரி கோதண்டனாருக்கு அதைக் கேட்டாலே வயிறு எரியும். 'ஏழு வகைப் பலகாரத்தோடு நாம் வைத்த விருந்தை ஒருநாளாவது இப்படிப் பேசினாரா?'

ஒருநாள் நகரசபை கூடியது. கோதண்டனார் எழுந்தார்.

"மகாராஜா, நூறு கடையோடு புதுக் கடைவீதி கட்டுவோம். செலவுக்கு ஊர்க்குளத்துத் தண்ணீருக்குக் குடத்துக்கு ஒரு காசு வரி போடுவோம்."

நூறு கடை என்றதும் ராஜா குதித்தார். நகரசபைத் தலைவர்கள் ஒன்பது பேரும் தலையை ஆட்டினார்கள்.

சேதி பூவாயியின் காதுக்கு எட்டியது. அவள் பாத்திக்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்து குடம் தண்ணீர் வேண்டும். சபைக்கு ஓடினாள்.

"சாமி, காசு கொடுத்துத் தண்ணி ஊத்தினா என் பிள்ளைங்க கஞ்சிக்கு என்ன செய்வேன்?"

"பாத்தியைக் காயப் போடு. கீரையெல்லாம் புதுக் கடைவீதியில் கிடைக்கும்" என்று சிரித்தார் கோதண்டனார்.

ராஜாவுக்குச் சங்கடம்தான். "போட்ட உத்தரவு போட்டதுதான், பூவாயி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைவீதி திறக்கும் நாள் வந்தது. ராஜாவுக்குப் புது ஆசை. "முதல் கடையில் நானே வியாபாரம் பண்ணுவேன்!" என்று மண்குடங்களை அடுக்கி உட்கார்ந்தார். வியாபாரிகள் பயந்துபோய்ச் சொன்னார்கள்: "மகாராஜா, முதல் போணிக்கு வருகிறவரிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. சொன்னால் கடைவீதியே விளங்காது."

"அவ்வளவுதானே!" என்றார் ராஜா.

முதல் ஆளாகப் பூவாயி வந்து நின்றாள்.

"குடம் என்ன விலை, மகாராசா?"

"மூன்று காசு!"

மூன்று காசை எடுத்து வைத்தாள். ராஜாவின் முகம் வாடிவிட்டது. "பேரம் பேசமாட்டாயா? காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறேனே!"

"பேரம் வேண்டாம் சாமி. கொசுறு கொடுங்க."

"கொசுறா?"

"கீரை வாங்கினா நான் ஒரு கொத்து கறிவேப்பிலை சும்மா போடுவேனில்லையா? குடம் வாங்கினா தண்ணிதானே கொசுறு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜா 'இல்லை' சொல்ல முடியுமா? "கோதண்டா, நிரப்பிக்கொண்டு வா!"

குளக்கரையில் கோதண்டனாரைக் காவலாளி மறித்தான். "ஐயா, குடத்துக்கு ஒரு காசு. நீங்கள் போட்ட வரிதான்." முணுமுணுத்துக்கொண்டே மடியிலிருந்து கொடுத்தார். திரும்பி வந்தால் கடைமுன் நாற்பது பெண்கள். "எங்களுக்கும் குடம், எங்களுக்கும் கொசுறு!"

ஏழாவது குடத்தில் அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. "மகாராஜா, இந்தக் கொசுறு இன்றைக்கு மட்டும் என்று சொல்லிவிடுங்கள்!"

"அது எப்படிங்க ஐயா?" என்றாள் பூவாயி. "ஒருநாள் கொசுறை நிறுத்தினா மறுநாள் என் கூடையைத் தாண்டிப் போயிடுவாங்க. கூடைக்காரியே கொடுக்கும்போது நூறு கடைக்காரங்க கொடுக்கக் கூடாதா? தண்ணிக்கே காசைக் கொடுத்துட்டு ஊரு வெறுங்கையோட நின்னா, கடைக்கு யார் வருவா?"

ராஜா மீசையை நீவினார். "கோதண்டா, கடைவீதி கட்ட நீதானே துடித்தாய்? இந்த நூறு கடையில் உன் கடை எத்தனை?"

அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துப் பக்கம் நழுவப் பார்த்தார். "மைத்துனர் பேரில் பன்னிரண்டு, மகாராஜா!" என்று ஒரு வியாபாரி போட்டு உடைத்தார்.

"அப்படியா சேதி! இனி வீட்டுக்கும் பாத்திக்கும் தண்ணீர் வரி இல்லை. கடைவீதி கட்டிய செலவு கடைக்காரர்களைச் சேர்ந்தது; கடைக்கு ஒரு பங்கு. பன்னிரண்டு கடை வைத்திருப்பவர் பன்னிரண்டு பங்கு கொடுக்கட்டும். முதல் கடை பூவாயிக்கு. கோதண்டனார் ஒரு மாசம் அவள் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றட்டும்!"

மறுநாள் ராஜாவே வேலியோரம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்த கோதண்டனார் குடத்தை அப்படியே கவிழ்த்தார்.

"ஐயா, ஐயா! தலையில கொட்டினா இளங்கீரை படுத்துடும். வேர்ல ஊத்துங்க, மெதுவா!"

ராஜாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பூவாயி, நகரசபை முழுவதையும் இங்கே பாடம் படிக்க அனுப்பட்டுமா?"

"வேண்டாம் மகாராசா" என்று கும்பிட்டாள் பூவாயி. "ஒருத்தருக்கே இந்தப் பாடு. ஒன்பது பேரும் சேர்ந்து இறங்கினா கீரை பிழைக்காது!"