பையில் கிடந்த முக்கால் ஆடு

“இந்த ஆடுகள்தான் சரியில்லை, அம்மணி!”

அறுந்த நூலோடு வந்து நின்றார் வையாபுரி. முப்பத்தாறு வருடம் பள்ளியில் பிழை திருத்தி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். கையால் கம்பளி நூல் நூற்கக் கற்றுக்கொள்ள மலையேறி வந்திருந்தார்.

நஞ்சம்மாள் நூல் நூற்கும் தக்ளியை நிறுத்தவில்லை. அவரைவிட இருபது வயது இளையவள். சுற்று வட்டாரத்தில் கம்பளி ரோமம் தரும் இனத்து ஆடு அவளிடம் மட்டும்தான் இருந்தது. அதுவும் பதினொன்றே பதினொன்று.

ஆகவே, கற்க வருகிறவருக்கு ஓர் ஆட்டு ரோமம்தான் தருவாள். அது தீர்வதற்குள் ஒரு கல்லைத் தாங்கும் நூல் வந்தால் தொடர்ந்து தங்கிக் கற்கலாம். வராவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வையாபுரியிடம் மிச்சம் இரண்டு பிடி ரோமம்.

“பத்தே நாள்ல சண்டை போட்டுக்கிட்டுத் திரும்பி வருவீங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார் மனைவி. அன்று ஒன்பதாம் நாள்.

“ஆடு என்ன பண்ணுச்சு?” என்றாள் நஞ்சம்மாள்.

“ரோமம் ஒரே சீரா இல்லை.”

“அதுகிட்டச் சொன்னீங்களா?”

“விளையாடாதீங்க, அம்மணி! என் நூலைப் பாருங்க. எங்கேயாவது தடிப்பு உண்டா? மெலிவு உண்டா? சொல்லக் கூடாது, உங்க நூல்லகூட இருக்கு.”

“இருக்கு.”

“பிறகு என்னோடது மட்டும் ஏன் அறுந்துபோகுது?”

அவர் நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். அறுந்தது.

வேறு இடத்தில் கட்டினாள். அறுந்தது.

இரண்டு தடவையும் ஒட்டுப்போட்ட இடத்தில்.

“ஜாணுக்கு ஒரு ஒட்டு இருக்கே, வாத்தியாரே?”

“தப்பா வர்ற இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துட்டு ஒட்டினேன்.” அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“வெட்டினதெல்லாம் எங்கே?”

துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் கவிழ்த்தாள். முழ நீளமும் இரண்டு முழ நீளமுமாக நூல் தரையில் குவிந்தது.

நஞ்சம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“முக்கால் ஆடு இங்கே கிடக்குதே!”

“அதெல்லாம் தப்பு, அம்மணி.”

அவள் பெருமூச்சு விட்டாள். குவியலிலிருந்து பார்க்காமலே இரண்டு துண்டுகளை எடுத்தாள். சேர்த்துப் பிடித்து, எதிர்ப்பக்கமாக முறுக்கினாள். அதே கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள்.

கல் ஆடியது. சுற்றியது. நின்றது.

“இதுல தப்பு எங்கே இருக்கு? காட்டுங்க.”

வையாபுரி குனிந்தார். ஒன்று மெலிந்த இடத்தில் மற்றது தடித்துக் கிடந்தது. அவர் விரல் நூலின் மேல் ஏறியது. பாதியில் நின்றது. இறங்கியது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“தெரியலை, அம்மணி.”

வகுப்பில் யார் அப்படிச் சொன்னாலும் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்.

“அப்பாடா!” என்ற நஞ்சம்மாள், தன் பாயில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.