வாக்குக்குச் செய்த பெட்டி

ஆசாரி டேப்பை இழுத்துப் புத்தகத்தின் முதுகின் மேல் வைத்ததும் அது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது. தாள்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, வயிறு ஒடுங்கிப்போயிற்று. ஆசாரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து உள்ளங்கையில் அளவைக் குறித்துக்கொண்டார்.

"கனம் ரொம்ப இல்ல அண்ணாச்சி. அடக்கமான பெட்டியா முடிச்சிரலாம்."

அவர் படியிறங்கிப் போகும்வரை பொறுத்திருந்துவிட்டுப் புத்தகம் மெல்ல மூச்சை விட்டது.

"எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?" என்று கேட்டது, அதற்கு அடியில் விரித்திருந்த பட்டுத்துணி.

"என்னை அடைச்சு வைக்கப் பெட்டி செய்யிறாங்க. அதுக்கு நான் வேற ஒத்தாசை பண்ணணுமா?"

அந்த மடத்தில் அதை யாரும் புத்தகம் என்று சொல்வதில்லை. வாக்கு என்பார்கள். எந்தக் காலத்திலோ மூத்தவர் என்று ஒருவர் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, மையைத் தொட்டுத் தொட்டு எழுதியது. எழுதியது அவர் கைதான் என்பதில் ஊரில் சண்டையில்லை. சொன்னது யார் என்பதில்தான் சண்டை.

தெய்வம் சொல்லச் சொல்ல அவர் எழுதினார் என்பார் மடத்தின் தர்மகர்த்தா செண்பகராமன். அவரே யோசித்தார், அவரே எழுதினார் என்பார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தளவாய். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அதனால் கொஞ்சமும் மரியாதை இல்லாமல் சண்டை போட்டார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். தினமும் அந்தியில் வாக்கைப் பாடுகிறவள் உலகம்மை. விரலை நாக்கில் தொட்டுத்தான் தாளைப் புரட்டுவாள். அவளுக்கு முன்பு பாடியவர்களும் அப்படித்தான். தாள்களின் மூலைகள் கறுத்து வழவழத்துக் கிடந்தன.

"தெய்வம் சொன்னதுல எச்சி படலாமாடே?" என்றார் செண்பகராமன்.

"மனுஷன் கைப்பட எழுதின ஒரே பிரதி. எச்சி பட்டு அழிஞ்சுபோச்சுன்னா எவன்டே திருப்பி எழுதுவான்?" என்றார் தளவாய்.

ஆகவே, பெட்டி. நாலு பக்கமும் கண்ணாடி, மேலே தேக்கு மூடி, ஒரு பூட்டு. உலகம்மையின் குரலைத் தளவாய் தன் போனில் பதிவு செய்து வைத்திருந்தார். இனிமேல் அந்தியானால் ஸ்பீக்கர் பாடும்.

புத்தகத்துக்கோ அந்த விரல் வேண்டும். பகல் முழுக்க அது இருட்டாகக் கிடக்கும். ஈர விரல் வந்து மூலையைத் தொட்டால்தான் உள்ளே வெளிச்சம் விழும். அந்த வெளிச்சத்தில்தான் தன்னுள் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்கே ஞாபகம் வரும்.

பெட்டி வந்து சேர்ந்தது. புத்தகத்தை உள்ளே இறக்கி மூடியைச் சாய்த்தார்கள். மூடி ஒரு விரற்கடை மேலேயே நின்றது.

ஆசாரி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். "அளவு தப்பாது அண்ணாச்சி. என் கை மேல சத்தியம்."

செண்பகராமனின் முகம் மலர்ந்தது. "அப்ப வாக்கு வளந்திருக்கு! கேட்டியாடே தளவாய்? மனுஷன் எழுதினது எங்கயாவது வளருமா?"

"ஐப்பசி மழைக்கு எங்க வீட்டு டெலிபோன் டைரக்டரியும்தான் ஊதிப்போய்க் கெடக்கு. அதுக்குச் சூடம் காட்டுவமா?"

"கடைசியில வெறுந்தாளா நாலஞ்சு இருக்கு" என்றார் ஆசாரி, இருவருக்கும் நடுவில் தலையை நீட்டி. "அதை உருவிட்டா மூடி சரியா உக்காந்திரும்."

"வெறுந்தாளா? அது மௌனம்வே!" என்று செண்பகராமன் கத்தினார். "தெய்வம் ஒண்ணும் சொல்லாம இருந்த இடம்!"

"மூத்தவருக்கு மை தீர்ந்த இடம்" என்றார் தளவாய். "ஆனா உருவக்கூடாது. பிரதி முழுசா இருக்கணும்."

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அன்று அந்தியில் உலகம்மை கடைசியாக ஒருமுறை பாடட்டும். முடிந்ததும் நாலு பேர் சேர்ந்து, கல்யாண வீட்டு சூட்கேசை அமுக்குவதுபோல மூடியை அமுக்கிப் பூட்டிவிடுவது.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கூடத்தில் மத்தியான வெயில் மட்டும் இருந்தது.

புதிதாக வந்த பெட்டிக்கு வார்னிஷ் வாடை இன்னும் போகவில்லை. அது தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஒரு சந்தேகம். உள்ள இருக்கிறது தெய்வம் சொன்னதா, மனுஷன் சொன்னதா? நான் தேக்கு. எவ்வளவு விறைப்பா நிக்கணும்னு எனக்குத் தெரியணும்ல."

"என்னைப் பார்த்தாத் தெரியலையா?" என்றது பட்டு. "மனுஷன் எழுதினதுக்கு எவனாவது பட்டு சுத்துவானா?"

"மாப்பிள்ளைக்கும்தான் பட்டு சுத்துறாங்க."

பட்டு சுருங்கிக்கொண்டது.

"மனுஷன்தான்" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. மூடி மூடாத இடைவெளி வழியாக ஒரு கொசு உள்ளே வந்து கண்ணாடியில் உட்கார்ந்தாள். "அடிச்சுச் சொல்லுவேன். குடிச்சுப் பார்த்த குடும்பம் நாங்க."

புத்தகம் சிரித்தது. அதற்குத் தெரியும், கொசு எதைச் சொல்கிறாள் என்று. தண்ணீர்ப் பாட்டு என்று ஒரு பாட்டு உண்டு.

*தண்ணீரைக் கேட்டேன், யார் அனுப்பியது என்று.*
*மலை என்றது.*
*மலையைக் கேட்டேன், மேகம் என்றது.*
*மேகத்தைக் கேட்டேன்.*

அந்த இடத்தில் பக்கம் முடிகிறது. வரிக்குக் கீழே கட்டெறும்பு அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. பாட்டு அங்கே வந்ததும் கூடத்தில் எல்லோரும் ஒருமுறை கைதட்டுவார்கள். அதன் பிறகுதான் தாளைப் புரட்டுவது. கறை, தெய்வம் வைத்த முத்திரை என்றார் செண்பகராமன். பேனாவிலிருந்து மை சொட்டியிருக்கிறது என்றார் தளவாய். எதற்காகக் கைதட்டுகிறோம் என்று யாரும் கேட்டதில்லை. மூத்தவர் தட்டினார், பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள், அவர்கள் பிள்ளைகளும் தட்டினார்கள்.

"முத்திரையும் இல்ல, மையும் இல்ல" என்றாள் கொசு. "அது எங்க குலத்து மூத்தவ. உள்ள இருக்கிறது மனுஷ ரத்தம். தெய்வத்துக்கு ரத்தம் ஏது?"

"சிவ சிவா" என்றது பட்டு. "இத்தனை நாளா நான் சுத்தினது ஒரு செத்த கொசுவையா?"

"அவ சொல்றது நிஜம்" என்றது புத்தகம். "'மேகத்தைக் கேட்டேன்'னு எழுதினாரு. அதுக்கு மேல ஓடல. பேனா என் தலைக்கு மேல அப்படியே நின்னுச்சு. மை நுனியில காஞ்சுபோச்சு. அப்புறம் பட்டுன்னு ஒரு தட்டு. அவ என் மேல விழுந்தா. அவர் தாளைப் புரட்டினாரு. 'நீ குடித்தாயா, என்றது'ன்னு எழுதினாரு."

கொசு கண்ணாடியிலிருந்து துள்ளி எழுந்தாள். "குடித்தாயாவா? அப்ப அந்த வரி எங்க மூத்தவ குடுத்தது! தெய்வமும் இல்ல, மனுஷனும் இல்ல, நாங்க!"

"மூணாவது கட்சி" என்று பெட்டி பெருமூச்சு விட்டது. "நான் எப்படி நிக்கிறது?"

"அந்தக் கறை எவ்வளவு பெருசு?" என்று கேட்டாள் கொசு, கொஞ்சம் பெருமையோடு.

புத்தகம் சொன்னது.

கொசு சிறகை மடக்கிக்கொண்டாள்.

"என்ன?" என்றது புத்தகம்.

"அது முழு வயிறு." அவள் குரல் இறங்கியிருந்தது. "முழு வயிறு குடிக்கிற வரைக்கும் எந்த மனுஷனும் சும்மா இருந்ததில்ல. ரெண்டு மடக்கு, அதுக்குள்ள கை வந்துரும். தூங்குறவன்கூடப் புரளுவான். அவர் முழிச்சிருந்தாரா?"

"பேனா கையில இருந்துச்சே."

"அப்ப எங்க போயிருந்தாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பேனாவுக்குக் கீழ இருந்தவன். மேல நடந்தது எனக்குத் தெரியாது."

"எங்களுக்கும் ஒரு வாக்கு உண்டு" என்றாள் கொசு, பேச்சை மாற்றுகிறவள்போல. "'கை இரண்டும் சேருமுன் எழுந்திரு.' முட்டையிலிருந்து வந்ததும் முதல்ல படிக்கிறது அதுதான்."

"அது யார் சொன்னது?" என்றது பட்டு.

"தெய்வம்தான். பின்ன, அனுபவப்பட்டவளா திரும்பி வந்து சொல்லுவா?"

அந்தியில் கூடம் நிறைந்தது. செண்பகராமன் ஒரு கையில் பூட்டும் மறு கையில் கொசு மட்டையுமாக வந்தார். அந்த மட்டையை ஊரில் உள்ள கொசுக்களுக்கெல்லாம் தெரியும். துண்டில்லாமல் அவர் வெளியே போவதுண்டு. மட்டையில்லாமல் வாக்கு கேட்க உட்கார்ந்ததில்லை. எந்தப் பாட்டிலும் நடுவில் நாலு தடவையாவது பொறி பறக்கும்.

புத்தகத்தைப் பட்டோடு பெட்டியிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்தார்கள்.

"இன்னிக்காவது எச்சி தொடாமப் புரட்டு உலகம்மை" என்றார் செண்பகராமன்.

"காஞ்ச விரலுக்கு இந்தத் தாள் பிரியாது அண்ணாச்சி."

"பிரியும். பொறுமையாப் பிரி."

"பெட்டிக்குள்ள போறதைக் கடைசியாத் தொடுறதுக்கும் சட்டமா?" என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் உலகம்மை பாடத் தொடங்கினாள்.

முதல் பாட்டில் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. தளவாய் தன் போனில் இருக்கும் குரல் இதைவிட நன்றாக இருக்கிறது என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

கொசு விளக்குத் தூணில் காத்திருந்தாள். மூத்தவர் எங்கே போயிருந்தார் என்ற கேள்வி அவளை மத்தியானத்திலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் யாரை வேண்டுமானாலும் கடிக்கலாம். ஆனால் சோதனை என்றால் அது ஒரே ஒரு கழுத்தில்தான்.

தண்ணீர்ப் பாட்டு ஆரம்பித்தது. அவள் இறங்கி, செண்பகராமனின் பின்கழுத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு மடக்கு. கை வரவில்லை.

இரண்டாவது மடக்கு. அவள் கால்களை ஊன்றித் தயாராக இருந்தாள். மட்டை அவர் மடியிலேயே கிடந்தது. அவர் உதடுகள் மட்டும் பாட்டோடு அசைந்துகொண்டிருந்தன. தண்ணீரைக் கேட்டேன். மலையைக் கேட்டேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது மனப்பாடமாகிப்போன பாட்டு. அவர் அதை முதல்முறை கேட்கிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

கொசு குடித்தாள். வயிறு நிறைந்தது. உயிரோடிருக்கும் கொசுக்களில் யாரும் அந்த நிறைவைக் கண்டதில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. இறங்கவும் மனமில்லை.

*மேகத்தைக் கேட்டேன்.*

கை இரண்டும் சேருமுன் எழுந்திரு! அவள் கனத்த வயிற்றோடு தட்டுத்தடுமாறி மேலே எழும்பினாள். கூடம் முழுவதும் ஒரே தட்டாகக் கைதட்டியது. செண்பகராமனும் தட்டினார். மடியிலிருந்த பூட்டு நழுவி எங்கோ உருண்டது. கொசு அதற்கு மேல் பறக்க முடியாமல் பட்டுத்துணியின் மேல் விழுந்தாள். பட்டு மடிப்பைத் தளர்த்தி அவளுக்கு இடம் கொடுத்தது.

இப்போது தாளைப் புரட்ட வேண்டும்.

புத்தகம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆசாரியின் டேப்புக்கு இழுத்ததைவிட ஆழமாக இழுத்தது. இரண்டு தாள்களும் ஒரே தாள்போல ஒட்டிக்கொண்டன.

உலகம்மை காய்ந்த விரலால் மூலையைத் தடவினாள். பிரியவில்லை. நகத்தால் நெம்பினாள். பிரியவில்லை. விரல் உதடு வரைக்கும் போய், நினைவு வந்து திரும்பியது. மறுபடி தடவினாள்.

மேகம் என்ன சொன்னது என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தாள் திரும்பாமல் அதை யாரும் சொல்லக்கூடாது. யாரோ இருமினார்கள். தளவாய் முழங்காலில் எம்பி எட்டிப்பார்த்தார்.

செண்பகராமன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இடக்கையால் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டே, வலக்கை விரலை நாக்கில் தொட்டு, தாளைப் புரட்டினார்.