எருமை எடுத்த நீச்சல் வகுப்பு

ஒரு காட்டில், குழந்தைகளே, கைபேசிக் கோபுரம் ஒன்றை நட்டார்கள். அதற்காக வேங்கை மரங்களை வெட்டினார்கள். காட்டில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கோபுரம் வந்த பிறகு, பாடம் படிக்க யாரும் எங்கும் நடக்க வேண்டியதில்லை. கைபேசியைத் திறந்தால் ஆசிரியர் அதற்குள் இருந்தார்.

அந்தக் காட்டின் ஆற்றங்கரை வளையில் ஒரு நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்தது. இளைய குட்டி இன்னும் கண் திறக்கவில்லை. மூத்த குட்டிக்குத் தண்ணீர் என்றாலே பயம். நீர்நாய்க்குத் தண்ணீரில் பயமா என்று சிரிக்காதீர்கள். நீர்நாய்க்கும் நீச்சலைச் சொல்லித்தான் தர வேண்டும்.

மழைக்காலத்தில் அந்தக் கரை முழுவதும் மூழ்கிவிடும். அக்கரையில்தான் மேடு. தாய் இளையதை வாயில் கவ்விக்கொண்டு நீந்திவிடும். மூத்ததோ கவ்வித் தூக்கும் அளவைத் தாண்டி வளர்ந்துவிட்டது. தானே நீந்தினால்தான் அது பிழைக்கும். தாய் எத்தனையோ முறை ஆற்றுக்குள் இழுத்துப் பார்த்தது. குட்டி கரையேறி ஓடிவிட்டது.

"அன்னத்தின் வகுப்பில் சேர்த்துவிடு அக்கா" என்றது மரத்தில் இருந்த மைனா. "நானும் என் பிள்ளைகளை அங்கேதான் சேர்த்திருக்கிறேன்."

"உன் பிள்ளைகளுக்கு நீச்சல் எதற்கு?"

"எல்லோரும் சேர்த்தார்கள். நானும் சேர்த்தேன்."

நீர்நாய்க்கு அந்தக் காரணம் போதுமானதாகப் பட்டது.

அன்னம் பெருமைக்காரப் பறவை. திரை நிறைய அதுவே இருந்தது. கழுத்தை வளைத்தது, குளத்தை வலம் வந்தது. "கவனியுங்கள், இது என்னுடைய பாணி" என்றது. வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லோருடைய குரலையும் அது முதலிலேயே அடைத்துவிடும். ஒருவர் பேச, மற்றவர்கள் வாய் மூடிக் கேட்கும் ஏற்பாடு அன்னத்துக்கு மிகவும் பிடிக்கும்.

முடிவில் மட்டும் குரலைத் திறந்துவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்கும்.

"ஐயா, எனக்கு வந்து..." என்று குட்டி தொடங்கும்.

திரையில் தெரியாதபடி பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கும் தாய் முந்திக்கொள்ளும். "நன்றாகப் புரிந்தது ஐயா. அருமையான வகுப்பு ஐயா." பிறகு குட்டியின் காதில், "மானத்தை வாங்காதே" என்று கிசுகிசுக்கும்.

வகுப்புகள் முடிந்ததும் அன்னம் எல்லோருக்கும் 'நீச்சல் செல்வன்' என்று பட்டம் அனுப்பியது. மைனாவின் பிள்ளைகளுக்கும் வந்தது.

தாய் பெருமையோடு குட்டியை ஆற்றுக்கு அழைத்துப் போனது. "எங்கே, இறங்கு."

"நீச்சல் நான்கு வகைப்படும் அம்மா. முதலாவது..."

"ஒப்பித்தது போதும். இறங்கு."

குட்டி மூக்கைத் தண்ணீரில் வைத்தது. படபடவென்று தும்மியது. கரையேறி ஓடிவிட்டது. மேற்கு மலையில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

தாய் கைபேசியில் ஒவ்வொருவராக அழைத்தது. முதலை உடனே எடுத்தது. "கட்டணமே வேண்டாம். நேரிலேயே சொல்லித் தருகிறேன். பையனை மட்டும் தனியாக அனுப்பு." நீர்நாய் சட்டென்று அழைப்பைத் துண்டித்தது.

கடைசியாக, காட்டுக்கு வெளியே ஏரியில் கிடந்த எருமையை அழைத்தது.

"எருமையிடமா?" என்று சிரித்தது மைனா. "பட்டமாவது தருமா?"

எருமை நிதானக்காரி. அசைபோட்டு முடிக்கும்வரை பேசவில்லை. தாய் பொறுமை இழந்து, "உங்கள் நீச்சலைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றது.

"என் நீச்சலைப் பார்த்து என்ன செய்யப் போகிறாய்? கைபேசியைத் திருப்பு. பையனைக் காட்டு."

தாய் திருப்பியது.

"தம்பி, தண்ணீரில் உனக்கு எது பிடிக்கவில்லை?"

"அவனுக்கு எல்லாம் பிடிக்கும் அம்மா. கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான்" என்றது தாய்.

"நான் உன்னையா கேட்டேன்? நீ ஏற்கெனவே நீந்துகிறாய். தம்பி, நீ சொல்லப்பா."

குட்டி தாயைப் பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது: "மூக்குக்குள் தண்ணீர் போகிறது. நெற்றி எரிகிறது. செத்துவிடுவேன் போல இருக்கிறது."

"இதை ஏன்டா என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டது தாய்.

"சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் நீ 'புரிந்தது' என்று சொல்லிவிட்டாய்."

தாய் கைபேசியைக் குட்டியிடமே கொடுத்துவிட்டது.

எருமை சொன்னது: "நான் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நீந்துகிறவள். நீங்கள் முங்கி நீந்துகிறவர்கள். என் வழி உனக்கு உதவாது. உங்கள் இனம் மூக்கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. நீர்நாயே, நீ என்ன செய்வாய்?"

"நானா? ஒன்றும் செய்ய மாட்டேன். முங்குவேன், எழுவேன்."

"அப்படியானால் உனக்கும் தெரியவில்லை. மெல்ல முங்கிக் காட்டு. தம்பி, அம்மாவின் மூக்கையே பார். பார்த்ததை எனக்குச் சொல்."

தாய் மெல்ல முங்கியது. குட்டி கரையில் படுத்து எட்டிப் பார்த்தது.

"துளை இரண்டும் மூடிக்கொள்கின்றன! கதவு மாதிரி!"

"உனக்கும் அந்தக் கதவு இருக்கும். கரையில் உட்கார்ந்தே மூடிப் பழகு. ஆற்றுக்குப் பிறகு போகலாம். நாளைக்கு நீயே என்னை அழை, உன் அம்மா அழைக்க வேண்டாம்."

குட்டி மூக்கை மூடியது, திறந்தது, தும்மியது, மறுபடி மூடியது. பிறகு ஓரத் தண்ணீரில் மூக்கை வைத்தது, அப்புறம் முங்கியது, காலடித்து நீந்திப் பார்த்தது. தினமும் எருமையை அழைத்து, வந்ததையும் வராததையும் தன் வாயாலேயே சொன்னது. வராத நாளில் எருமை திட்டவில்லை. வந்த நாளில் புகழவும் இல்லை. அடுத்த கேள்வியைக் கேட்டது.

மழை எல்லோரும் நினைத்ததைவிட முன்னதாக வந்தது. ஒரு பகலில் ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி வளைக்குள் புகுந்தது. தாய் இளைய குட்டியைக் கவ்வியது. மூத்ததைத் திரும்பிப் பார்த்தது. ஆயிரம் புத்தி சொல்ல நினைத்தது. வாயில் பச்சைக் குட்டி இருந்ததால் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை.

மூத்த குட்டி மூக்கை மூடிக்கொண்டு, தாய்க்கு முன்னால் தண்ணீரில் இறங்கியது.

நீதி: தன் திறமையைக் காட்டுகிறவரிடம் பிள்ளையைச் சேர்க்காதே; பிள்ளையின் தடையைக் கேட்கிறவரிடம் சேர்த்துவிட்டு, பிள்ளையைப் பேச விடு.