வீரணன் கட்டிய வேலிக்கம்பி

வெள்ளருவிக் காட்டு மின்வாரியத்தில் வீரணன் என்ற குரங்கு லைன்மேனாக வேலை பார்த்தான். கம்பம் ஏற ஏணி கேட்காத லைன்மேன் அந்த வட்டாரத்திலேயே அவன் ஒருவன்தான்.

காட்டில் ஏது கரண்ட் என்று சிரிக்காதீர்கள். அருவிக்கு அடியில் நீர்நாய்கள் ஒரு சக்கரம் கட்டி வைத்திருந்தன. தண்ணீர் விழும், சக்கரம் சுற்றும். கரண்ட் கம்பி வழியாக வந்து ஆலமரத்தடி டிரான்ஸ்ஃபார்மருக்குள் நுழையும். அங்கிருந்து காடெங்கும் பிரிந்து போகும்.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் பீஸ் கட்டை. கட்டையில் ஒரு மெல்லிய கம்பி. காடு அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் அந்தக் கம்பி உருகி அறுந்துவிடும். உடனே எல்லாம் நின்றுபோகும், டிரான்ஸ்ஃபார்மர் கருகாமல் தப்பும். பீஸ் போகாத நாளே அங்கே கிடையாது.

"வீரணா! ஃபேன் நின்னு போச்சு!" என்று கரடி கத்தும். உடம்பெல்லாம் ரோமத்தை வைத்துக்கொண்டு அந்தக் கரடியால் காற்றில்லாமல் ஒரு நிமிடம் இருக்க முடியாது.

"வீரணா! கிழங்கு பாதி அரைபட்டுக் கிடக்கு!" என்று காட்டுப்பன்றி உறுமும்.

"வீரணா! என் சீரியல் பல்பு!" என்று மயில் தோகையப்பன் அகவுவார்.

நரி மட்டும் கூப்பிடாது. ராத்திரி பகல் பாராமல் கம்பியில் கொக்கி போட்டுத் திருட்டுக் கரண்ட் இழுத்துக்கொண்டிருந்தவன் எந்த முகத்தோடு கூப்பிடுவான்?

வீரணன் மரத்துக்கு மரம் தாவி வருவான். ஒரே நிமிடத்தில் புதுக் கம்பி கட்டிவிடுவான். "கரண்ட் வந்துடுச்சு!" என்று காடே கூச்சல் போடும். அந்தக் கூச்சல் காதில் விழுந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். நல்லவன், பாவம். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. அவனிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

காட்டின் மேற்குக் கோடியில் மேட்டுக்குளம் என்று ஒரு குளம். வெயில் காலத்தில் அதற்கு மழையும் கிடையாது, ஊற்றும் கிடையாது. ஆற்றிலிருந்து மோட்டார் இழுத்துக் கொடுக்கும் தண்ணீர்தான். அங்கே செவந்தி என்ற விரால் மீன் அந்த வருஷம் ஐந்நூறு குஞ்சு பொரித்திருந்தாள். செக்கச் செவேலென்று ஒரே கூட்டமாக அவை அவள் தலைக்கு மேல் நீந்தும். வேலை முடிந்ததும் வீரணன் கரையில் உட்கார்ந்து அவற்றை எண்ணப் பார்ப்பான். நாற்பதைத் தாண்டியதில்லை.

ஒருநாள் உச்சிவெயிலில் மூன்று தடவை பீஸ் போனது. மூன்று தடவையும் மோட்டார் நின்றது. தினமும் இப்படி நின்று நின்று, குளத்தில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. கரையில் நாலைந்து கொக்குகள் ஒற்றைக் காலில் வந்து நின்றுகொண்டன.

"அண்ணே!" என்றாள் செவந்தி. "இன்னும் ஒரு சாண் இறங்குச்சுன்னா ஒரு குஞ்சும் மிஞ்சாது. அந்தக் கொக்குங்க கண்ணைப் பாரு!"

வீரணன் கொக்குகள் மேல் ஒரு கல்லை விட்டெறிந்தான். "இனிமே பீஸ் போகவே போகாது, தாயி! இது என் பொறுப்பு!" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

கொடுத்த பிறகுதான் எப்படி என்று யோசித்தான்.

காட்டோரத்தில் மனிதர்கள் விட்டுப்போன வேலிக்கம்பி ஒரு சுருள் கிடந்தது. நல்ல தடித்த கம்பி. வேலையில் சேர்ந்த அன்றே நீர்நாய் மேஸ்திரி அவனிடம் சொல்லியிருந்தார்: "எது ஆனாலும் பீஸ் கட்டையில மெல்லிய கம்பிதான்!" வீரணனுக்கு அது மறக்கவில்லை. ஆனால் செவந்தியின் முகமும் மறக்கவில்லை. வேலிக்கம்பியில் ஒரு துண்டு வெட்டிப் பீஸ் கட்டையில் முறுக்கினான். பெட்டியைப் பூட்டினான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

அவ்வளவுதான்! அன்றிலிருந்து பீஸ் போகவில்லை. ஒரு வாரம் போகவில்லை. இரண்டு வாரம் போகவில்லை. குளம் நிரம்பியது. கொக்குகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. கரடி நாலாவது ஃபேன் மாட்டியது. நரி இன்னும் இரண்டு கொக்கி போட்டது. முயல்கள் வீரணனுக்கு மாலை கட்டிப் போட்டன. அவன் அதைத் தின்னாமல் நாள் கணக்கில் கழுத்திலேயே வைத்திருந்தான் என்றால் பாருங்களேன்!

அந்தச் சமயத்தில்தான் வாரியத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். முன்பு தலைவராக இருந்தவர் நம் தோகையப்பன்தான். மூன்று வருஷத்தில் பதினேழு கம்பங்களைத் திறந்து வைத்தார். சாய்ந்த கம்பம் ஒன்றைக்கூட நிமிர்த்தி வைக்கவில்லை. அதனால் காட்டுச் சபை அவரை அனுப்பிவிட்டுச் செல்லாண்டியம்மா என்ற தேவாங்கைக் கொண்டுவந்தது.

செல்லாண்டியம்மாவைப் பார்த்துக் காடு சிரித்தது. ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் போக அவருக்கு அரை நாள் ஆகும். பகலில் கண் வேறு கூசும். ஆனாலும் இலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, கம்பம் கம்பமாகத் தொட்டுப் பார்த்து, யார் யார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார். ஒன்பதாம் நாள் டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்து சேர்ந்தார். அதன் மேல் கை வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் வெடுக்கென்று செய்த காரியம் அது ஒன்றுதான்.

"வீரணா, இது இப்படிக் கொதிக்குதே! பீஸ் எப்பப் போச்சு?"

"போய் ரெண்டு வாரம் ஆச்சுங்கம்மா!"

"இவ்வளவு சூட்டுல பீஸ் போயிருக்கணுமே! என்ன கம்பி போட்டிருக்க?"

வீரணனின் கை தானாக இடுப்புச் சாவியைத் தொட்டது.

"அதே கம்பிதாங்க" என்றான்.

செல்லாண்டியம்மா அவனை ஒரு கணம் பார்த்தார். தன்னிடம் வேலை செய்பவர்களை நம்புகிற பழக்கம் அவருக்கு. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் அவர் காட்டைக் கூட்டினார். "சக்கரம் ஒரு பங்கு கரண்ட் கொடுக்குது. நாம ரெண்டு பங்கு இழுக்கறோம். எல்லாக் கொக்கியும் இறங்கணும். முறை வச்சுப் பயன்படுத்தணும். மோட்டாருக்குத் தனி லைன் இழுக்க எனக்கு ரெண்டு நாள் கரண்ட்டை நிறுத்தித் தாங்க. அந்த ரெண்டு நாளும் குளம் தாங்கும், நான் அளந்து பார்த்துட்டேன்."

"என்னது, நிறுத்தறதா?" என்று எழுந்தது கரடி. "ரெண்டு வாரமா நிக்காத கரண்ட்டை நிறுத்தறதுக்குன்னே ஒரு தலைவரா?"

"எங்க வீரணன் இருக்கான்! நீங்க போய்த் தூங்குங்கம்மா!" என்றது காட்டுப்பன்றி.

எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோரும் வீரணனைப் பார்த்தார்கள். செல்லாண்டியம்மாவும் பார்த்தார். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் மாலையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

கூட்டம் நடந்த நாலாம் நாள் சாயங்காலம் தோகையப்பனுக்குத் தோகை விழா. பதவி போனாலும் பந்தா போகவில்லை. முன்னூறு பல்புகளை ஒரே சமயத்தில் போட்டார். கரடியின் ஃபேன் நாலும் ஓடின. பன்றியின் கிரைண்டர் ஓடியது. மோட்டாரும் ஓடியது. பழைய கம்பியாக இருந்தால் அந்த நொடியே உருகி அறுந்திருக்கும். வேலிக்கம்பி அறுந்துபோகுமா? அசையாமல் நின்றது.

டமார்!

ஆலமரத்தடியிலிருந்து கரும்புகை கிளம்பியது. காடே நின்றுபோனது. வீரணன் ஓடினான். நீர்நாய் மேஸ்திரி மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"உள்ளே இருக்கிற கம்பிச்சுருள், காயில், மொத்தமும் கருகிப்போச்சு. புதுசாத்தான் சுத்தணும். எட்டு நாள் ஆகும்."

"எட்டு நாளா!" என்றான் வீரணன். குளம் இரண்டு நாள் தாங்கும். மிஞ்சிப்போனால் மூன்று.

காலையில் அவன் மேட்டுக்குளத்துக்குப் போனான். கொக்குகள் திரும்பி வந்துவிட்டன. செவந்தி திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை.

"அண்ணே, பீஸ் போனா நீ ஓடி வருவ. அதுதான் எங்களுக்குத் தைரியம்" என்றாள். "இந்தத் தடவை எதைப் போட்டா கரண்ட் வரும், சொல்லு?"

வீரணன் அழுதான். அழுதுகொண்டே ஆலமரத்தடிக்கு ஓடினான்.

அங்கே காடு கூடியிருந்தது. தோகையப்பன் ஒரு கல்லின் மேல் நின்று முழங்கிக்கொண்டிருந்தார். "நல்லா ஓடிக்கிட்டிருந்த டிரான்ஸ்ஃபார்மர்! இந்தம்மா கை வச்சாங்க, வெடிச்சுப்போச்சு! இவங்களை இப்பவே அனுப்பணும்!"

"அனுப்பு! அனுப்பு!" என்று கூட்டம் கத்தியது. செல்லாண்டியம்மா குடையிலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

வீரணனுக்குத் தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடைக்காது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மாலையும் மிஞ்சும், மரியாதையும் மிஞ்சும். ஆனால் அந்த அம்மா போய்விட்டால் மோட்டாருக்குத் தனி லைன் யார் இழுப்பார்கள்? அவன் கல்லின் மேல் தாவி ஏறினான். சாவியை எடுத்தான். எல்லோரும் பார்க்க இரும்புப் பெட்டியைத் திறந்தான்.

"பாருங்க!" என்றான். "டிரான்ஸ்ஃபார்மர் கருகிடுச்சு. இந்தக் கம்பி அப்படியே இருக்கு! பீஸ் கம்பி இல்லை இது, வேலிக்கம்பி! கட்டினது நான்தான்! அம்மா கேட்டாங்க, பொய் சொன்னேன். அவங்க மேல தப்பில்லை!"

கூட்டம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது.

"நான் நம்பிட்டேனே வீரணா" என்றார் செல்லாண்டியம்மா. அவ்வளவுதான் சொன்னார். அவன் கூனிக் குறுகிப்போனான்.

கரடி மெதுவாகக் கேட்டது: "அப்போ... என் ஃபேனும் சேர்ந்துதான் இதை எரிச்சுதா?"

"நாலு ஃபேனுங்க" என்றார் செல்லாண்டியம்மா, குறிப்பைப் பார்த்து. "கிரைண்டர் ஒண்ணு. பல்பு முன்னூறு. கொக்கி ஏழு."

நரி கரடியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியது.

"யாரைத் திட்டறதுன்னு அப்புறம் முடிவு பண்ணலாம். முதல்ல குளத்துக்குத் தண்ணி போகணும். கிளம்புங்க!" என்றார் அவர்.

எட்டு நாள் காடே தண்ணீர் சுமந்தது. யானைகள் தும்பிக்கையில் கொண்டுவந்து ஊற்றின. கரடி குடம் தூக்கியது. வியர்த்து வழிந்தது, ஒரு வார்த்தை முனகவில்லை. நரி கொக்கிகளைக் கழற்றிவிட்டு வந்து கொக்குகளை விரட்டும் வேலையை எடுத்துக்கொண்டது. விரட்டுவதில் அதற்கு நல்ல திறமை! தோகையப்பன் தாமரை இலையில் ஒரு கை தண்ணீர் ஏந்தி வருவார், பாதி வழியிலேயே சிந்திவிடும். ஆனாலும் விடாமல் போய் வந்தார். செல்லாண்டியம்மா கொட்டாங்குச்சியில் கொண்டுவந்தார். நாளைக்கு இரண்டே கொட்டாங்குச்சி. வீரணன் எத்தனை நடை நடந்தான் என்று அவனுக்கே தெரியாது.

அப்படியும் நூறு குஞ்சுகள் போய்விட்டன. செவந்தி அதைச் சொல்லிக்காட்டவில்லை. வீரணனும் மறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் புதுக் காயில் வந்தது. செல்லாண்டியம்மா கேட்ட இரண்டு நாளையும் காடு வாய் பேசாமல் கொடுத்தது. சாய்ந்த கம்பங்கள் நிமிர்ந்தன. மோட்டாருக்குத் தனி லைன் வந்தது. மற்றவர்களுக்கு முறை வந்தது: காலையில் கிரைண்டர், மத்தியானம் ஃபேன், சாயங்காலம் பல்பு. பெட்டிச் சாவியை வீரணன் செல்லாண்டியம்மாவிடம் நீட்டினான்.

"நீயே வச்சுக்க" என்றார் அவர். "வேலிக்கம்பியால என்ன ஆகும்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

ஒரு மாதம் கழித்து, மத்தியான வேளையில், காட்டு லைனில் பீஸ் போனது.

"வீரணா! ஓடி வா!" என்று காடு கத்தியது.

வீரணன் வந்தான். ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "முறை இல்லாம யாரு போட்டது?" என்று கேட்டான்.

எல்லோரும் அவரவர் சுவிட்சைப் பார்த்துக்கொண்டார்கள். புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"நான்தான்பா... பத்தே பத்து பல்பு... கண்ணாடியில ஒரு தடவை அழகு பார்க்கலாம்னு..."

"அணைச்சுட்டு வாங்க, மாமா!"

தோகையப்பன் அணைத்தார். வீரணன் மெல்லிய கம்பியை எடுத்துக் கவனமாகக் கட்டினான். கரண்ட் வந்தது. இந்த முறை யாரும் கூச்சல் போடவில்லை. அவனவன் வேலையைப் பார்க்கப் போனான். மேட்டுக்குளத்து மோட்டார் நடுவில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. சாயங்காலம் வீரணன் அங்கே போய் உட்கார்ந்து குஞ்சுகளை எண்ணினான். அன்று அறுபது வரை வந்தான்.

ஆபத்து என்று அலறுகிறவன் வாயைக் கட்டிவிட்டால் அலறல்தான் நிற்கும், ஆபத்து நிற்காது.