கரையாத ஆறு கட்டிகள்

சந்தியாகு ரெஜினாளிடம் வேலை கற்றுக்கொள்ளப் போனபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. ரெஜினாளுக்கு முப்பத்தெட்டு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். ஊரும் சிரிக்கத்தான் செய்தது.

சேந்தன்முனைக் கடல்பாலத்துக்கு நாற்பத்தெட்டு இரும்புக் கால்கள். அவற்றைத் துரு தின்னாமல் பார்த்துக்கொள்வது ரெஜினாளின் வேலை. பாலத்தின் கடைசியில்தான் படகுகள் அணையும். மீன் எடுக்கும் பெண்கள் கூடையோடு அதுவரை நடந்து போய், சேலை நனையாமல் மீனை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். கால்கள் நிற்கிறவரைக்கும்தான் அந்த வசதி.

சந்தியாகு இருபத்திரண்டு வருஷம் பாலைவனத்தில் எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். அவர் அங்கே தொட்டிமேல் நின்றுகொண்டிருந்த ஒரு நாளில் இங்கே மனைவி மெற்றில்டா கண்ணை மூடினாள். அவர் வந்து சேர்ந்தபோது கல்லறையில் மண் காய்ந்துபோயிருந்தது. மகன் கோயம்புத்தூரில். பண்டிகைக்குப் பண்டிகை போன் பண்ணுவான். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் சத்தம் போடுவது மின்விசிறி மட்டும்தான்.

"இந்த வயசுல எதுக்கு அண்ணாச்சி இந்த வேலை?" என்று ரெஜினாள் கேட்டாள்.

"வீட்ல இருக்க முடியல மேடம்."

அவள் பாலத்தடிக் கொட்டகையின் சுவரில் தொங்கிய இரண்டு சுத்தியலில் சின்னதை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

ரெஜினாள் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று துறையில் கேலி பேசுவார்கள். அது கேலிகூட இல்லை, நிஜம். கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்ல மாட்டாள். எதையாவது செய்து காட்டுவாள். புரிந்தால் சரி, புரியாவிட்டால் அவரவர் பாடு.

முதல் வாரத்தில் சந்தியாகு கேட்டார்.

"மேடம், துரு மொதல்ல எந்த இடத்துல பிடிக்கும்?"

அவள் ஒரு வாளி நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து பாலத்தின் கைப்பிடிக் கம்பிமேல் ஊற்றினாள். பிறகு பலகையில் உட்கார்ந்து கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். வெயில் சுள்ளென்று அடித்தது. சந்தியாகு நின்றார். கேள்வியை மறந்துவிட்டாளோ என்றுகூட நினைத்தார்.

அரைமணி நேரத்தில் கம்பி முழுக்கக் காய்ந்துவிட்டது. ஒரு பட்டையை இன்னொரு பட்டையோடு முடுக்கிய இடத்தில் மட்டும் போல்ட்டுக்கு அடியில் மெல்லிய ஈரம் தங்கியிருந்தது. ரெஜினாள் அங்கே விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அம்மாடி! சந்தியாகுவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடைசியாகக் காய்கிற இடத்தில்தான் துரு முதலில் குடியேறும். நாலு பக்கம் எழுதி விளக்குகிறதை இந்தப் பெண் ஒரு வாளித் தண்ணீரில் முடித்துவிட்டாளே என்று அன்றைக்கெல்லாம் அவருக்கு வியப்பு. சொல்லிக்கொள்ளத்தான் வீட்டில் ஆளில்லை.

மூன்றாம் மாதம் கட்டிகள் வந்தன. ஒவ்வொன்றும் செங்கல் அளவு, துத்தநாகம். ஊரில் ஜிங்க் என்பார்கள். கடல் நன்றாக வற்றுகிற நாளில் ஒவ்வொரு காலிலும், மற்ற நாளெல்லாம் தண்ணீருக்குள் இருக்கிற இடத்தில், காலுக்கு ஒன்றாக முடுக்கிவிட வேண்டும்.

"இது எதுக்கு மேடம்?"

ரெஜினாள் கொட்டகைக்குள் போய் ஒரு பழைய கட்டியை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டுப் போயே போய்விட்டாள்.

சந்தியாகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செங்கலாக இருந்தது, வாயில் போட்டுத் துப்பிய கற்கண்டு மாதிரி ஆகியிருந்தது. குழி குழியாக, கன்னம் ஒட்டிப்போய். எங்கும் ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை.

ஐயோ பாவம், என்று அவருக்குத் தோன்றியது. இதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போயிருக்கிறது. மேடம் அதைத்தான் காட்டியிருக்கிறாள்.

அவருக்கு வேறெப்படித் தோன்றும்? இருபத்திரண்டு வருஷம் பெயிண்ட் அடித்த கை. மூடாமல் கிடக்கும் உலோகத்தைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்காது.

"கடைசி ஆறு காலும் உங்களுது அண்ணாச்சி. நீங்களே பாத்துக்கோங்க," என்றாள் ரெஜினாள்.

உங்களுது என்று யாரும் அவரிடம் எதையும் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது. அன்று மதியமே கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆறு கட்டிகளுக்கும் சாம்பல் நிறத்தில் மூன்று பூச்சு அடித்தார். ஒரு சொட்டு வழியவில்லை, ஒரு முடி ஒட்டவில்லை. மறுநாள் காய்ந்ததும் அவரே இறங்கி முடுக்கிவிட்டார். கடல் ஏறி மூடிக்கொண்டது.

அதன்பிறகு அவருக்கு ஒரு வழக்கம் வந்தது. காலையில் படகை அந்த ஆறு கால்களுக்கு நடுவே கட்டுவார். சுத்தியலால் தட்டுவார், தண்ணீருக்கு மேலே தெரிகிற இடங்களைச் சுரண்டிப் பூசுவார், பேசுவார்.

"நேத்து சாளைக் குழம்பு வச்சேன். உப்பு கூடிருச்சு. அவ இருந்தா திட்டியிருப்பா."

கால்கள் எதுவும் சொல்லாது. அது அவருக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

ஒருநாள் ரெஜினாள் அந்தப் பக்கமாகப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பேச்சுக் குரல் கேட்டது. யாரோ கூட இருக்கிறார்கள் என்று நினைத்தாள். எட்டிப் பார்த்தால் அவர் ஒருவர்தான். இரும்புக் காலில் கையை ஊன்றிக்கொண்டு, மகன் போன் பண்ணாததைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரெஜினாள் துடுப்பைச் சத்தமில்லாமல் தண்ணீரில் விட்டுத் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து அவள் கடைசி ஆறு கால்கள் பக்கம் போகவே இல்லை.

இரண்டு வருஷம் ஓடியது.

கடல் வெகுவாக வற்றிய ஒரு காலையில் கட்டிகளை மாற்ற இறங்கினார்கள். கரைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றும் பாதிகூட இல்லை. சிலது கையோடு உதிர்ந்தது. சந்தியாகுவுக்குத் தன் கால்களை எப்போது காட்டுவோம் என்றிருந்தது.

"பாருங்க மேடம்!"

ஆறு கட்டிகளும் ஒரு முனைகூட மழுங்காமல் இருந்தன. பாசியைத் துடைத்தால் சாம்பல் நிறம் பளிச்சென்றது. சந்தியாகுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கினவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

ரெஜினாள் சிரிக்கவில்லை. கட்டியை நகத்தால் கீறினாள். பெயிண்ட் சுருண்டு வந்தது. அவள் முகம் வெளுத்துப்போனது.

"மூணு கோட்டிங் அடிச்சேன் மேடம். அதான் அப்படியே இருக்கு."

அவள் சுத்தியலை எடுத்துக் காலின் அடிப்பக்கத்தைத் தட்டினாள். மற்ற கால்களில் கணீரென்று வரும். இங்கே நனைந்த மரத்தைத் தட்டினதுபோல வந்தது. சிப்பியைச் சுரண்டிவிட்டுக் கனம் பார்க்கும் மீட்டரை வைத்தாள். எட்டு மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஐந்தரை காட்டியது. அடுத்த காலில் ஐந்து. அதற்கடுத்ததில் அவள் மீட்டரை இரண்டுமுறை வைத்துப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லவில்லை.

படகில் உட்கார்ந்தாள். பிறகு சந்தியாகு அதுவரை அவளிடம் கேட்டிராத அளவுக்குப் பேசினாள்.

"கடலுக்குப் பசி உண்டு அண்ணாச்சி. அது இரும்பைத் திங்கும். பக்கத்துல ஜிங்க்கை முடுக்கி விட்டா இரும்பை விட்டுட்டு ஜிங்க்கைத் திங்கும். அதுக்குத்தான் அதைக் கட்டுறோம். அது தேயணும். அது தேஞ்சாத்தான் காலு பிழைக்கும்."

சந்தியாகு கையிலிருந்த கட்டியைப் பார்த்தார்.

"மூடிட்டா?"

"மூடிட்டா கடல் வேற எதைத் திங்கும்?"

படகு ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டு பலகையைப் பிடித்தார். படகு ஆடவில்லை.

மறுநாள் காலை பாலத்தின் கடைசிப் பகுதிக்குக் குறுக்கே சங்கிலி கட்டினார்கள். ஐந்து மாதம் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. படகுகள் கரையை ஒட்டி நிற்கும். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் மீன் எடுக்க வேண்டும். நல்ல சீசன் நேரம் வேறு.

சும்மா விடுவார்களா? பிலோமினாள் கூடையைச் சங்கிலிமேல் விட்டெறிந்தாள். முப்பது வருஷமாகத் தலையில் மீன் சுமக்கிறவள்.

"ஏட்டி ரெஜினா! போன மாசங்கூட காலு கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னியே. இப்ப என்ன வந்துச்சு?"

"அரிச்சிருச்சு அக்கா."

"அரிக்காம பாக்கத்தானே ஒன்ன வச்சிருக்கு? நாங்க தண்ணிக்குள்ள நின்னு சாகணுமா? எவன் பாத்த வேலை இது? பேரைச் சொல்லு, கேட்டுக்கிடுதோம்."

சந்தியாகு ரெஜினாளுக்குப் பின்னால் நின்றார். சொல்லிவிட்டால் நாளையிலிருந்து இங்கே வர முடியாது. வர முடியாவிட்டால் அந்த வீடு. காலையும் அந்த வீடு, மாலையும் அந்த வீடு. அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. வெட்கக்கேடுதான், ஆனால் நடந்தது அதுதான்.

"நான்தான் அக்கா," என்றாள் ரெஜினாள். "என் பாலம். ரெண்டு வருஷமா அந்த மூலையை நான் பாக்கல."

அப்புறம் பிலோமினாள் வாயிலிருந்து வந்ததை எழுதினால் தாள் கருகிப்போகும். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ரெஜினாள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கடைசியில் அவர்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்கள்.

மதியம் சந்தியாகு கொட்டகைக்கு வந்தார். கையுறை, மீட்டர், அந்தச் சின்னச் சுத்தியல் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தார்.

"என் பேரைச் சொல்லியிருக்கலாம் மேடம்."

"எதுக்கு?"

"தப்பு என்னோடதுல்லா."

"ஒரு கட்டியக் கையில வச்சுட்டு வாயைத் திறக்காமப் போனது யாரு அண்ணாச்சி?"

அவர் மேசைமேல் இருந்த சுத்தியலை நேராக்கி வைத்தார்.

"நான் எல்லாருக்கும் அப்படித்தான் காட்டுவேன். புரிஞ்சுக்கிடுவாங்கன்னு நெனப்பு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லல."

"ஆனா நீங்க வந்து பாத்திருந்தா மொத மாசமே கண்டுபிடிச்சிருப்பீங்களே. ஏன் மேடம் வரல?"

ரெஜினாள் மேசைமேல் இருந்த கையுறையை மடித்து வைத்தாள்.

"வந்தேன். நீங்க பேசிட்டிருந்தீங்க. நடுவுல வரவேண்டாம்னு தோணுச்சு. ஒத்தையில இருக்கிற மனுசரு, அவரு பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்திருந்தது இவளுக்குத் தெரிந்திருக்கிறது. சாளைக் குழம்பும், மகனும், மெற்றில்டாவும். சந்தியாகு முக்காலியில் உட்கார்ந்தார். முதலில் இருமல் மாதிரி ஒன்று வந்தது. பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்லறைக்குப் போன அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. அன்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, மூன்று நாள் பிந்தி வந்தவன் அழுவதற்குக் கூச்சமாக இருந்தது.

ரெஜினாள் தேற்றவில்லை. தேற்றத் தெரிந்தவளும் இல்லை. எழுந்துபோய் ஒரு டம்ளர் தேத்தண்ணீர் ஊற்றிவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

அவர் குடித்து முடிக்க ரொம்ப நேரமானது. வெளியே பெண்கள் தண்ணீருக்குள் நின்று ஒருவரையொருவர் கூப்பிடுவது கேட்டது.

"வீட்டுக்குப் போறேன் மேடம். இனிமே வரல."

வாசல்வரை போனவர் நின்றார்.

"போறதுக்கு முன்ன ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"தின்னது தின்னதுதானா? என்ன செஞ்சாலும் அது திரும்ப வராதா?"

கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். வழக்கம்போல எழுந்துபோய் எதையாவது எடுத்துவருவாள், கையில் வைப்பாள், போய்விடுவாள் என்று நினைத்தார். ரெஜினாள் எழுந்திருக்கவில்லை. அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"வராது அண்ணாச்சி. எட்டா இருந்தது போனதுதான். இப்ப இருக்கிற அஞ்சரையை அஞ்சரையா நிறுத்தலாம், அவ்வளவுதான். அதுக்கும் ஒத்த ஆளாலே முடியாது. நாளைக்கு ஆறேகாலுக்குத் தண்ணி வத்துது, வந்துருங்க."