டாக்டர் வீட்டு வாசலில் மலை பஸ்

மலைமேல் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டர் குலசேகரன் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாளெல்லாம் நர்ஸ் பெனினா ஒருத்திதான். பல வருஷமாகச் சாப்பிடுகிற சுகர், பிரஷர் மாத்திரையைக்கூட அவள் எழுதக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு.

"எழுதுறது என் வேலை. ஆனா ஒருத்தர்கூட மாத்திரை இல்லாம வீட்டுக்குப் போகக் கூடாது."

"சரிங்க டாக்டர்."

மறுநாள் டவுனில் தன் வீட்டில் அவர் இட்லியைப் பிட்டபோது வாசலில் ஹாரன் கேட்டது. மலை பஸ் நின்றிருந்தது. ஊரே இறங்கிக்கொண்டிருந்தது. என்ன விசேஷமென்று தெருவே எட்டிப் பார்த்தது.

பெனினாவுக்குப் போன் போட்டார். "என்னம்மா இது?"

"நான் எழுதக் கூடாது, அவங்க மாத்திரை இல்லாம வீட்டுக்குப் போகவும் கூடாதுன்னீங்க. அதான் உங்ககிட்ட அனுப்பிட்டேன். நாளைக்குப் பக்கத்து ஊர்க்காரங்க வருவாங்க."

இட்லி காய்ந்தது. எல்லாருக்கும் எழுதி முடித்த டாக்டர், கடைசியாக இன்னொன்றும் எழுதிக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்: 'வழக்கமாகச் சாப்பிடும் பழைய மாத்திரைகளை இனி நர்ஸே எழுதலாம்.'

அடுத்த செவ்வாய் மலையேறி வந்தவர் நாற்காலியில் சாய்ந்தார். "தலை சுத்துதும்மா. என் பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே வச்சிட்டு வந்துட்டேன்."

பெனினா பிரஷர் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"பழைய மாத்திரைதானே டாக்டர்? நானே எழுதலாம்."