சந்தை வாசலில் ஒரு வெள்ளை யானை

முன்னொரு காலத்தில், ராஜா முகம் சுளித்தால் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நடந்த காலத்தில், உலகப்பன் என்றொரு விகடகவி இருந்தான். அரண்மனையில் சாப்பாடு, ஊருக்குள் வீடு, வாயில் ஓயாமல் வெற்றிலை. அந்த வெற்றிலைதான் அவனை வம்பில் மாட்டிவிட்டது.

சந்தை மண்டபத்து வாசலில் ஒரு கருங்கல் யானை நின்றது. ஒருநாள் உலகப்பன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி, விரலில் மிஞ்சியதை யானையின் காதில் துடைத்துவிட்டுப் போனான். பின்னால் நின்ற வெளியூர் மிளகு வியாபாரி, இது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று பயபக்தியோடு தானும் ஒரு விரல் தீற்றினார். அன்றைக்கு அவருக்கு வியாபாரம் அமோகம். கேட்க வேண்டுமா! வந்தவர் போனவரெல்லாம் தீற்றித் தீற்றி, யானை துதிக்கையிலிருந்து வால்வரை வெள்ளையாகிவிட்டது. "வெள்ளானை எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே வண்டி வண்டியாக ஜனம் வந்தது.

எதிரிலேயே ராஜா தனக்கொரு வெண்கலச் சிலை வைத்திருந்தார். வாரி வழங்குவதுபோல் கை நீட்டிய சிலை. அதை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, காக்கையைத் தவிர. ராஜாவுக்கு வயிறு எரிந்தது.

உலகப்பனைக் கண்டாலே பல்லைக் கடிக்கும் படைத்தலைவர் தளவாய் சேந்தனாருக்கு இது போதாதா? "அரசே! தங்கள் பாட்டனார் நிறுவிய யானையை அலங்கோலப்படுத்தத் தொடங்கியவனே இவன்தான்" என்று சபையில் போட்டுக்கொடுத்தார்.

"உண்மையா?" என்றார் ராஜா.

"உண்மைதான், அரசே. ஒரு விரல் என்னுடையது. மீதியெல்லாம் விருந்தாளிகள் உபயம்."

"அப்படியானால் சுண்ணாம்பு தடவிய அத்தனை பேரையும் நாளை மாலைக்குள் என் முன் நிறுத்து. ஒருவர் குறைந்தாலும் நீ குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேற வேண்டும்!"

வீட்டில் அவன் மனைவி பூவாயி தலையில் அடித்துக்கொண்டாள். "பாதிப்பேரு கப்பலேறிப் போயிருப்பாங்களே! புள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்க போறது?" உலகப்பன் வாசற்படியில் உட்கார்ந்தான். வெற்றிலையை எடுத்தான். சுண்ணாம்பு தடவினான். மிஞ்சியதைத் தன்னையறியாமல் கதவில் துடைத்தான். துடைத்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "பூவாயி, மூட்டை கட்டாதே" என்றான்.

மறுநாள் சபையில் வணங்கி நின்றான். "அரசே, குற்றவாளிகள் கூட்டம் சபை கொள்ளாது. தாங்களே மண்டபத்துக்கு எழுந்தருள வேண்டும்."

யானையின் துதிக்கையோரம் ராஜாவுக்கும் தளவாய்க்கும் ஆசனம் போட்டான். வயிறு முட்ட விருந்து வைத்தான். வெற்றிலைப் பையைச் சுமந்து ராஜாவின் விரலுக்குத் துணி நீட்டும் அடைப்பைக்காரனைப் பாக்கு வாங்கிவர அனுப்பிவிட்டு, வெற்றிலைத் தட்டைத் தானே நீட்டினான்.

ராஜா சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். விரல் துணியைத் தேடியது. கிடைக்கவில்லை. அது பாட்டுக்குத் துதிக்கையில் ஒரு கோடு இழுத்தது. ராஜா செய்தால் தளவாய் விடுவாரா? அவரும் இழுத்தார்.

உலகப்பன் தொப்பென்று காலில் விழுந்தான். "தோற்றேன், அரசே! மற்றவர்களைக் கடல் கடந்தாவது கொண்டுவந்து தங்கள் முன் நிறுத்திவிடுவேன். தளவாய் இதோ இருக்கிறார். ஆனால் தங்களைத் தங்கள் முன் எப்படி நிறுத்துவேன்? ஒருவர் குறைகிறாரே!"

ராஜா விரலைப் பார்த்தார். ஈரம் காயாத கோட்டைப் பார்த்தார். சேந்தனார் அவசரமாகக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவ்வளவுதான், ராஜா வெற்றிலைச் சாறு மார்பில் வழிய வழியச் சிரித்தார். தண்டனை போயிற்று, அவர் கழுத்து முத்துமாலை உலகப்பன் கழுத்துக்கு வந்தது. பிறகு அவன் காதோடு, "அந்தச் சிலைக்கும் ஏதாவது வழி செய்யேன், உலகப்பா" என்றார் ராஜா, சிறு பிள்ளையைப் போல.

உலகப்பன் சிலையின் நீட்டிய கையில் ஒரு சுண்ணாம்புக் கலயத்தை வைத்தான். அன்று முதல் யானையைப் பார்க்க வந்தவர்களெல்லாம் முதலில் ராஜாவிடம்தான் கையேந்தினார்கள். காலையில் கலயத்தை நிரப்பும் வேலை தளவாய் சேந்தனாருக்கு.